நேச்சுரல் ஒயினைத் திருப்பூருக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு

வெளிநாடு போகிற இடத்தில் சின்னத் திராட்சைத் தோட்டக்காரர்களிடம் நேச்சுரல் ஒயின் வாங்கி வந்து, வீட்டில் வைத்திருந்து, நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்ற எண்ணம் கொங்குப் பக்கம் யாருக்காவது இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இந்த வகையில் ₹85,000 போயிருக்கிறது. கெட்டுப்போன பாட்டில்கள் ₹40,000, ஒரு ஃப்ரிட்ஜில் நட்டம் ₹25,000, சுங்கவரி ₹12,000, கறைபட்ட சாம்பிளை மறுபடி தைத்து கூரியரில் அனுப்பியது ₹8,000. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்க ஆளில்லை என்பதுதான் அப்போது பெரிய எரிச்சல். திருப்பூரில் நூல் விலையா, சாயப்பட்டறையா, கன்டெய்னர் வாடகையா, எந்த டீக்கடையில் நின்றாலும் பதில் கிடைக்கும். ஒயின் ஏன் புளித்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் வாயே திறக்க முடியாது.

எனக்கு ஆர்கானிக் காட்டனில் குழந்தைகள் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் சின்ன யூனிட். பிரான்சில் இருக்கும் சிறு பிராண்டுகள்தான் பையர்கள். லியோன் நகரத்தில் ஒரு பையர் அம்மா சாப்பிடக் கூட்டிப்போன இடத்தில்தான் முதன்முதலாக இதைக் குடித்தேன். கண்காட்சி விருந்துகளில் ஊற்றித் தருவதைத்தான் அதுவரை ஒயின் என்று நினைத்திருந்தேன். இது லேசாகக் கலங்கியிருந்தது, நாக்கில் மெல்லச் சுருக்கென்றது, பழத்தைக் கடித்த மாதிரி வாசம். விற்பவரே தோட்டக்காரர், ஏழெட்டு ஏக்கர்தான், மருந்தடிப்பதில்லை, கையால் பறிக்கிறார் என்று அந்த அம்மா சொன்னதும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆர்கானிக் பருத்திக்கு சான்றிதழ் வாங்க நாம் படும் பாடு தெரிந்தவனுக்கு அந்த மாதிரி ஆள்மேல் ஒரு மரியாதை வரத்தானே செய்யும்.

நேச்சுரல் ஒயின் என்றால் என்ன என்பதைத் தெளுவை, அதாவது பதநீரை, வைத்துச் சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். பானைக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது தெளுவு. தடவாமல் கட்டினால் அதே பாளையிலிருந்து இறங்குவது கள். பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும், காலையில் இனித்தது சாயங்காலம் புளிக்கும், மறுநாள் காடிப் பக்கம் போய்விடும். ஒயினில் இந்தச் சுண்ணாம்பின் இடத்தில் இருப்பது சல்பைட். புளித்து முடிந்த ஒயினில் மிச்சமிருக்கும் ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கி வைக்கிறது, காற்றுபட்டுக் கெடாமலும் பார்த்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் சாதாரண சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, வெள்ளையில் 200 வரை சல்பைட் இருக்கலாம். 2020-இல் பிரான்சில் நேச்சுரல் ஒயினுக்கென்று வந்த முத்திரையில் உச்ச அளவே 30 மில்லிகிராம்தான். துளியும் சேர்க்காதவர்களும் உண்டு. திராட்சைத் தோலோடு வரும் ஈஸ்டிலேயே புளிக்க விடுகிறார்கள், பெரும்பாலும் வடிகட்டுவதும் இல்லை. ஆக, பாட்டிலுக்குள் உயிர் இருக்கிறது, அதை அடக்கும் சரக்கு ஏறக்குறைய இல்லை. எனக்கு வந்த கஷ்டம் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்ததுதான்.

லியோனுக்கு வடக்கே பொஜொலே பகுதி. ஜூல் ஷோவே என்ற ஒயின் வியாபாரி, வேதியியலும் தெரிந்தவர், 1907-இல் பிறந்து 1989-இல் இறந்தவர், சல்பைட் இல்லாமல் நல்ல ஒயின் செய்யலாம் என்று காட்டியது இங்கேதான். மோர்கோன் ஊரைச் சேர்ந்த மார்செல் லப்பியேர் போன்றவர்கள் 1980-களில் அவர் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த மார்க்கத்துக்கே அந்த ஊர்தான் தாய்வீடு என்று பையர் அம்மா பெருமையாகச் சொன்னார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரரின் நிலவறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே இறங்கினதும் கை சில்லிட்டது. பாட்டில் 22 யூரோ, அப்போது நம் பணத்தில் ஏறக்குறைய ₹2,000. கிளம்பும்போது தோட்டக்காரர் "குளுமையான இடத்தில் வையுங்கள்" என்றார். சரி என்றேன். நம் ஊரில் குளுமையான இடம் என்றால் வடக்குப் பார்த்த ரூம். அவர் சொன்னது 14 டிகிரிக்குக் கீழே. சில நேச்சுரல் ஒயின்களின் பின்பக்க லேபிளில் இந்த எண்ணே அச்சடித்திருக்கிறது, பிரெஞ்சில், பொடி எழுத்தில். வாங்குமுன் பின்பக்கத்தைப் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் "எத்தனை டிகிரி" என்று நம்பராகவே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கஸ்டம்ஸ். ஒரு ஆள் வரியில்லாமல் கொண்டு வரக்கூடிய மது 2 லிட்டர். ஒயின் பாட்டில் 750 மில்லி. ஆக இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், மூன்றாவதை எடுத்தால் 2.25 ஆகிவிடும். அந்தக் கால் லிட்டருக்காக, வரி கட்ட வேண்டியவர்கள் போகும் ரெட் சேனலில் நிற்க வேண்டியதுதான். நான் ஒரு தடவை ஆறு பாட்டில் எடுத்து வந்து முறையாகச் சொல்லிவிட்டேன். கூடுதல் நாலு பாட்டிலுக்கு ஏறக்குறைய ₹12,000 கட்டச் சொன்னார்கள். பாட்டில்களின் விலையே ₹8,000. இந்தியாவில் ஒயின் இறக்குமதி வரி அப்போது 150 சதவீதம், அதனால் அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. கட்டிவிட்டு வெளியே வரும்போது வயிறு எரிந்தது. அதன்பிறகு கூட வந்த மேனேஜர், மச்சான், மச்சான் வீட்டார் என்று ஆளுக்கு இரண்டாகப் பிரித்துத்தான் கொண்டு வந்தோம். விமானக் கம்பெனி பக்கம் கவலை கிடையாது. 24 சதவீதத்துக்குக் கீழ் ஆல்கஹால் உள்ளதற்கு லக்கேஜில் தனி லிட்டர் கணக்கு இல்லை, எடை மட்டும்தான். பாட்டிலைச் சுற்றுவதற்குத் திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியன் கட்டிங் வேஸ்ட் ஒரு கட்டு எடுத்துப் போனால் போதும். இன்டர்லாக் துணியில் இரண்டு சுற்று சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு டேப் ஒட்டி, பெட்டி நடுவில் வைத்தால் ஒன்றுகூட உடையாது. எனக்கு உடைந்ததும் இல்லை.

பாட்டிலுக்கு வினை வருவது விமானத்தில் இல்லை, நம் ஊர் ரோட்டில். சென்னையில் இறங்கி, சேலம் வழியாகக் காரில் திருப்பூருக்கு வரும்போது பெட்டி டிக்கியில் இருக்கும். உள்ளே நாம் ஏசியில் தூங்கிக்கொண்டு வருவோம். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். ஏப்ரல் மாத மத்தியானம், நிழல் இல்லாத பார்க்கிங். திரும்பி வந்து டிக்கியைத் திறந்து பெட்டியைத் தொட்டேன், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சுட்டது. அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் பிரித்தபோது இரண்டு பாட்டிலில் கார்க் லேசாக மேலே எழும்பி, மூடியின் ஃபாயிலுக்கு அடியில் பிசுபிசுவென்று இருந்தது. கார்க் எழும்பி, ஓரம் ஒழுகியிருந்தால் பாட்டில் சூடு கண்டுவிட்டது என்று அர்த்தம். அதை வைத்திருக்காதீர்கள், அந்த வாரமே திறந்துவிடுங்கள். இப்போதெல்லாம் மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை ஏர்போர்ட்டுக்கு வரும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலை அதில் போட்டு, காருக்குள் சீட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டு வந்தால் வேலை முடிந்தது. முடிந்தால் பயணத்தையே கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளிவிடுங்கள்.

மிச்சமிருந்ததை ஆபீஸ் ரூம் பீரோவில் வைத்தேன். வீட்டோடு சேர்ந்த ஆபீஸ். அதே பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பையருக்கு அனுப்ப வேண்டிய சைஸ் செட், அதாவது எல்லா அளவிலும் தைத்த சாம்பிள், எல்லாம் குழந்தைகளுக்கான வெள்ளை பாடி சூட். பாட்டில்களில் ஒன்று பெட்நாட் வகை. புளித்து முடிவதற்கு முன்பே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள், மிச்சச் சர்க்கரை உள்ளேயே புளித்து அதுவாகவே நுரை கட்டும். கார்க் இருக்காது, சோடா மூடிதான். மே மாதம் ஒரு ராத்திரி டமாரென்று சத்தம். டிரான்ஸ்பார்மர் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் ஆத்தா (பாட்டி) வந்து எழுப்பினார்: "ஏஞ்சாமி, ஆபீஸ் ரூமுப் பக்கம் புளிச்ச கள்ளாட்டம் வாசம் வருது?" பீரோவைத் திறந்தால் கண்ணாடிச் சில்லு மேல்தட்டு முழுக்க, ரோஸ் நிறத்தில் ஒயின் வழிந்து கீழ்த்தட்டுச் சாம்பிளில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆத்தாவிடம் வெளிநாட்டு வினிகர் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. 1987-இல் கள்ளுக்கடையை மூடும் முன்பே ஊரில் எல்லா வாசமும் பார்த்தவர். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை, அந்த நன்றி எனக்கு உண்டு. சைஸ் செட்டை மறுபடி வெட்டித் தைத்து அனுப்புவதற்குள் பையரிடம் ஒரு பொய், கூரியருக்கு ஒரு தண்டச்செலவு. அந்தச் சில்லு யார் கண்ணிலாவது பட்டிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. பெட்நாட் வாங்கினால் அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள். கொண்டு வந்தே தீருவேன் என்றால், வந்த அன்றே ஃப்ரிட்ஜில் நிற்க வைத்து, சீக்கிரம் திறந்து தீர்த்துவிட வேண்டும். திறக்கும்போதும் தொட்டியில் வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டுதான்.

இதற்கப்புறம் ஒயின் ஃப்ரிட்ஜ் தேடிக் கோயம்புத்தூர் போனேன். ஒரு கடையில் சத்தமே வராது, கரண்ட் குறைவு, 12 டிகிரி வரை போகும் என்று ஒன்றைக் காட்டினார்கள். ₹36,000. வீட்டில் வைத்து டிஸ்ப்ளேயில் 12 என்று செட் செய்தேன். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தால் 22-க்குக் கீழே இறங்கவே இல்லை. மெக்கானிக் வந்தார், கேஸ் பிரச்சினையாக இருக்கும் என்றார். அதில் கேஸே கிடையாது. அது பெல்டியர் வகை, ஒரு சின்னத் தகடு சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ரூம் சூட்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைக்கத்தான் அதற்குச் சக்தி. 24 டிகிரி ஏசி ரூமில் சரியாக வேலை செய்யும். மே மாதத் திருப்பூரில் மத்தியான ரூம் சூடு 36 இருந்தால் 22-க்குத்தான் வரும். கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். ₹11,000-க்கு ஒரு கேக் கடைக்குத் தள்ளிவிட்டேன். இதை யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் ₹25,000 மிச்சம். கம்ப்ரசர் உள்ளதா என்று கேளுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று ஒரு எழுத்து இருக்கும். N என்றால் 32 டிகிரி வரையான ரூமுக்கு, ST என்றால் 38 வரை, T என்றால் 43 வரை. நமக்கு T-தான் வேண்டும். அப்புறம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் இருக்கிறதே, காலையில் போனால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். அன்றைக்குக் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும், பாதி சமாளித்துவிடும். இந்தச் செலவே வேண்டாம் என்றால் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டே போதும். நாலைந்து டிகிரி ஒயினுக்குக் கொஞ்சம் அதிகக் குளிர்தான், ஆனால் பீரோவுக்கு ஆயிரம் மடங்கு தேவலை. சில மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டும். சிவப்பை வெளியே எடுத்துக் கால்மணி நேரம் விட்டால் நம் ஊர்ச் சூட்டில் சரியாகிவிடும்.

எல்லாவற்றையும்விட மனசு நொந்தது ஒரு சாப்பாட்டு மேசையில். அதே லியோன் பையர் அம்மா திருப்பூர் வந்திருந்தார். அவர் ஊர்ப் பக்கத்து ஒயினை அவருக்கே எடுத்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று பொஜொலேயைத் திறந்தேன். மோந்து பார்த்தபோது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அவர் ஒரு வாய் குடித்தார், கிளாஸைக் கீழே வைத்தார், சாப்பிட்டு முடியும்வரை அதைத் தொடவில்லை. நானும் ஒரு வாய் குடித்தேன். விழுங்கிப் பத்து விநாடி கழித்து எலிப்பொந்து நாற்றம் அடித்தொண்டையிலிருந்து கிளம்பி வந்தது. ஒயின்காரர்களே இந்தக் கோளாறை எலி என்றுதான் சொல்கிறார்கள். சில பாக்டீரியாவும் ஒரு வகை ஈஸ்டும் செய்கிற வேலை. ஒயினின் புளிப்பில் அந்த வாசம் எழும்பாது, எச்சில் பட்டுப் புளிப்பு குறைந்ததும்தான் எழும்பும், அதனால்தான் மூக்குக்குத் தெரிவதில்லை. சிலருக்குக் குடித்தாலும் தெரியாது. சல்பைட் கொஞ்சம் சேர்த்திருந்தால் இது வருவது அபூர்வம். விருந்தாளிக்கு ஊற்றும் முன் ஒரு சொட்டை மணிக்கட்டில் தேய்த்து மோந்து பாருங்கள், தோல் பட்டாலும் அந்த வாசம் வெளியே வந்துவிடும். இதை அந்த அம்மாதான் அடுத்த நாள் யூனிட்டில் சாம்பிள் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். வேறு எதுவும் சொல்லாததற்கு மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

எது கோளாறு, எது இயல்பு என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. கலங்கியிருப்பதும் அடியில் மண்டி தங்குவதும் கோளாறு இல்லை. சிவப்பு ஒயினில் மெல்லிய சுருக், திறந்ததும் கொஞ்சம் அழுகிய முட்டை வாசம், இரண்டும் ஜக்கில் ஊற்றி ஆற்றினால் போய்விடும். நெயில் பாலிஷ் வாசமும் காடி நெடியும் ஏறியிருந்தால் திரும்பாது. பழ வாசத்துக்குப் பதில் காய்ச்சிய ஜாம் வாசம் வந்தால் அது வெயில் பட்ட பாட்டில். என்னுடையவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடைசி ரகம்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஒயின் மட்டும் அதே பீரோவில் கிடந்து நன்றாகவே பிழைத்தது. துபாயிலிருந்து மச்சான் குடும்பத்தோடு ஜார்ஜியா போனபோது ககேதி பகுதியில் வாங்கியது. குவெவ்ரி என்று பெரிய மண் தாழி, உள்ளே தேன்மெழுகு பூசிக் கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையைத் தோல், கொட்டை, காம்போடு அதில் போட்டு ஐந்தாறு மாதம் மூடிவிடுவார்கள். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முறை. அந்த நாட்டில் 8,000 வருஷத்துக்கு முந்தைய ஒயின் தடயமே கிடைத்திருக்கிறது. இத்தாலியில் ஒயின் செய்யும் யோஷ்கோ கிராவ்னர் 2000-இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, 2001 அறுவடையிலிருந்து தன் ஊரிலும் தாழிக்கு மாறினார். தோலோடும் காம்போடும் கிடந்ததால் துவர்ப்பு நிறைய இறங்கியிருக்கும், அந்தத் துவர்ப்பே காவல். சர்க்கரையும் மிச்சமில்லாமல் புளித்து முடிந்திருந்தது. நிறம் தேயிலை டிகாக்‌ஷன். கொள்ளுப் பருப்புக்கும் வெள்ளாட்டுக் கறி வறுவலுக்கும் பொருந்திப்போனது எனக்கே ஆச்சரியம். பொஜொலேயை வைத்து இந்தச் சாப்பாட்டோடு மல்லுக்கட்டியது வீண் என்று தோன்றியது.

ஆக, தோட்டக்காரரிடம் மூன்று கேள்வி. சர்க்கரை மிச்சம் எவ்வளவு? லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இருந்தால் பாட்டிலில் மறுபடி புளிக்க ஏறக்குறைய வழியில்லை. மாலோலாக்டிக், அதாவது பாக்டீரியா செய்யும் இரண்டாம் புளிப்பு, முடிந்ததா? பாட்டிலில் அடைக்கும்போது சல்பைட் சேர்த்தீர்களா? 20, 30 மில்லிகிராம் சேர்த்திருந்தால் நம் ஊருக்கு அதுதான் நல்லது. துளியும் இல்லை என்று பெருமையாகச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, வேறு பாட்டிலை வாங்குங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. பிரான்சின் ஜூரா பகுதியில் வான் ஜோன் என்று ஒரு ஒயின். மேலே ஈஸ்ட் படலம் கட்டிய நிலையில் குறைந்தது 60 மாதம் பீப்பாயில் காற்றோடேயே பழகியது, அதனால் திறந்து வைத்தாலும் வாரக்கணக்கில் தாங்கும். அதன் பாட்டில் 620 மில்லி. மூன்று பாட்டில் சேர்ந்தாலும் 1.86 லிட்டர்தான், வரியில்லா அளவுக்குள் வந்துவிடும். விலை அதிகம்தான், ஆனால் கெட்டுப்போகும் மூன்று மலிவு பாட்டிலைவிட இது மேல் என்பது என் கணக்கு.

சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு ஆள் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்று அளவு உண்டு. ஆயத்தீர்வை அலுவலகத்தில் கேட்டு, அதற்குள் நில்லுங்கள். வாங்கிய பில், போர்டிங் பாஸ், வரி கட்டிய ரசீது மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நண்பர் கேட்டார் என்று விலைக்குக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம்.

நான் இப்போது வருவதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். மாசி பிறந்ததும் மிச்சமிருப்பதைத் தெர்மாகோல் பெட்டியில் போட்டு, விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரியில் இருக்கும் பங்காளி வீட்டுக்கு ஏற்றிவிடுகிறேன். வடக்குப் பக்கம் ஜன்னலில்லாத சாமான் ரூம், கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். வாடகை என்று எதுவும் கேட்பதில்லை, ஆளுக்குப் பாதி என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.